பாக்குக் கறை

மாமாவின் கையிலிருந்து பாக்கு உரலைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைத்தாள் ரிதாலின்.

"இடிச்சுத்தானே குடுக்கப் போறேன்?" என்றார் ஷான்போர். "உங்கம்மா வாயில வச்சுக்கிட்டுத் துப்பிடுவா."

"தொண்டைக்குள்ள கம்பிக்குழாய் இருக்கு மாமா. நார் போய் அடைச்சா யாரு எடுக்கறது, நீங்களா?"

கட்டிலில் கிடந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "பாக்கு," என்றாள். காலையிலிருந்து வேறு பேச்சே இல்லை.

ரிதாலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மலை வழக்கப்படி, கடைக்குட்டிப் பெண் என்பதால் வீடும் அவளுக்கு, அம்மாவும் அவளுக்கு. புத்தி சொல்லும் உரிமை மட்டும் ஷில்லாங் முழுவதற்கும். சோறு இறங்கவில்லை என்று அம்மா சொன்னபோது கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கறுப்பாக ஒரு திட்டு. "பாக்குக் கறைதான், எனக்குப் பார்த்தாலும் இருக்கும்," என்று சிரித்தார் மாமா. தாய்மாமன் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? சதை எடுத்துச் சோதிக்க விடாமல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. அப்புறம் குவாஹாத்தி டாக்டர் சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டு, மெலனோமா என்றார். தோலில் வருகிற கறுப்புப் புற்றுநோய், உணவுக்குழாயில் வருவது அபூர்வம், நானே புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றார். அதற்குள் அது ஈரல்வரை போயிருந்தது. மருந்து ஏற்றினார்கள், கஞ்சி இறங்கக் குழாய் வைத்தார்கள்.

"அப்ப பாக்கால வரலையா?" என்று கேட்டார் மாமா. இந்த வகை அதனால் வருவதில்லை என்று டாக்டர் சொன்னதும், பரீட்சையில் பாஸான பையனைப் போல அங்கேயே ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாலே இவளுக்கு ஆகாது.

"பாக்கு," என்றாள் அம்மா மறுபடியும்.

இன்றைக்குத் தாண்டாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இனி எதைக் காப்பாற்றுவதற்கு இந்தக் காவல்? ரிதாலின் முணுமுணுத்தபடி உரலை இறக்கி, வெற்றிலை சுண்ணாம்போடு தானே இடித்து, நாரை எடுத்துவிட்டுச் சாற்றை அம்மாவின் நாக்கில் தடவினாள்.

அம்மா சப்புக்கொட்டினாள். முகம் சுளித்தாள். "சுண்ணாம்பு ஜாஸ்தி."

"இந்த நேரத்துலயும் குறையா? உங்களுக்குச் செஞ்சே நான் போயிடுவேன்!"

சாயங்காலம் அம்மாவின் மூச்சு நின்றது.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்களுக்கெல்லாம் பாக்கு வைத்துக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரியின் வேலை. வாங்கியவர்கள் எல்லாரும், செத்தவர்களைப் பற்றி எங்கள் மலையில் சொல்வதையே சொன்னார்கள்: "இனிமே அவ கடவுள் வீட்டுல பாக்கு போடுவா." கடைசியில் மாமாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அழுதுகொண்டே அதைச் சொன்னார்.

ரிதாலினால் பொறுக்க முடியவில்லை.

"அங்க யாரு மாமா மடிச்சுக் குடுப்பாங்க? யாரு குடுத்தாலும் அம்மாவுக்குப் பிடிக்காதே!"

வாசலில் இன்னும் நாலு பேர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுத்த பாக்கை எடுத்து நறுக்கினாள்.