பன்னிரண்டாவது தடம்

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் மூணு நாள். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான் சென்றாயன். மிளகுத் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தான். கையில் சிடி. அட்டையில் தலைத்துண்டோடு அவன் படம்.

"வாங்க சாமி, வாங்க! கொல்லிமலை நடைதடம் பூராவும் இதுக்குள்ள இருக்குது. அத்தனையும் நானே என் கையால எழுதினதுங்க!"

நாற்பத்திரண்டு வயசில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவன் அவன். கற்ற கையோடு, தான் நடந்து தேய்ந்த பதினோரு ஒற்றையடித் தடங்களை நோட்டில் எழுதினான். எங்கே தண்ணி, எங்கே அட்டை கடிக்கும், எந்தப் பாறை வழுக்கும், எல்லாம். காளப்பநாயக்கன்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த தனபால் அதை டைப் அடித்து, படம் சேர்த்து, சிடியாக்கினான். முதல் சிடியை ஒருத்தரும் சீண்டவில்லை.

"அட்டையை மாத்தணுங்ணா. உள்ளயும் கொஞ்சம் சரக்குச் சேர்க்கணும்" என்றான் தனபால்.

புது சிடி பெட்டி பெட்டியாக வந்தது. சென்றாயன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே இருப்பதைப் படிக்க அவன் ஊரில் ஒரு மெஷின் கிடையாது. தனபால் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மைக்குக்கு எதிரே புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்து நின்றார்கள். அந்தப் பெண்ணின் ஷூவிலிருந்து தண்ணி சொட்டியது.

"அட்டையில இருக்கறது நீங்கதானே? அந்தச் சுனை அருமைங்க. இறங்கிக் குளிச்சுட்டுத்தான் வாரோம்."

"எந்தச் சுனைங்க?"

"பன்னெண்டாவது தடம்! வெளியாள் யாருமே பார்க்காத சுனைன்னு போட்டிருக்கீங்களே!"

சென்றாயன் மைக்கை வைத்துவிட்டுத் தனபாலைத் தேடிப் போனான்.

அவன் ஊர் ஆட்களே வருஷத்துக்கு ஒருதரம்தான் அங்கே கால் வைப்பார்கள். புதுச் சாமை அறுத்ததும் செருப்பில்லாமல் போய், முதல் சோறு படைத்து, ஒரு கை தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். "சுனை மட்டும் இதுல வராதுங்க மாமா" என்று ஊர்க்கவுண்டர் சின்னுசாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான் சென்றாயன்.

தனபாலை அங்கே கூட்டிப்போனதும் அவனேதான். பெண்டாட்டி அத்தாயியைப் பாம்பு கடித்தபோது, வேனில் போட்டு அத்தனை கொண்டையூசி வளைவும் இறக்கி ஆஸ்பத்திரி சேர்த்தவன் தனபால். அப்பேர்ப்பட்டவன் பங்காளிதானே? போன அறுப்பில் அவனையும் வரிசையில் நிறுத்தினார்கள். சுனையைப் படம் எடுத்தபோது, "ஊட்ல சாமி படத்தோட மாட்டறதுக்குங்ணா" என்றான்.

தனபால் டெம்போவிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான்.

"தனபாலு, சுனையைப் போட்டியா?"

"அதனாலதானுங்ணா ஓடுது! உங்க பதினோரு தடத்தை எவன் தேடறான்? இன்னிக்குச் சேலம், ஈரோடு பூரா உங்க பேரு தெரியுது."

"ஊருக்குள்ள எந்த மூஞ்சியோடடா போவேன்?"

"தண்ணிதானுங்ணா, எடுத்துக்கிட்டா போறாங்க? போய்ப் பேசுங்க, கூட்டம் கலையுது."

அத்தாயிக்காக ஆஸ்பத்திரி வாசலில் அழுத அதே முகம். அந்த அழுகை நடிப்பாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது சென்றாயனுக்கு.

போய் மைக்கை எடுத்தான்.

"ஏனுங்க, இதை வாங்காதீங்க. தடம் பூராத் தப்பு. நம்பிப் போனீங்கன்னா காட்டுல மாட்டிக்குவீங்க."

"யோவ், இப்பத்தான நானே எழுதினேன்னு கத்துன?" என்றான் ஒருத்தன்.

"ஆமாங்க. எழுத்துத் தெரியாதவன், தப்புந்தவறுமா எழுதிப்போட்டேனுங்க."

கூட்டம் சிரித்தது. கையில் எடுத்த சிடியை இரண்டு பேர் திரும்ப வைத்தார்கள்.

"ஐயோ, அவர் சொல்றதைக் கேட்காதீங்க!" ஷூ நனைந்த பெண் முன்னால் வந்தாள். பாவம், அவனுக்குப் பரிந்துதான் பேசினாள். "நாங்க இதை வச்சுத்தான் போய்ட்டு வந்தோம். ஒரு அடிகூடப் பிசகலை. என்ன அழகா எழுதியிருக்கார் தெரியுமா!"

கைகள் மறுபடியும் பெட்டிக்கு நீண்டன. தனபால் அடுத்த பெட்டியைப் பிரித்தான்.

சென்றாயன் மைக்கை வைத்துவிட்டு நடந்தான். வேறு வாய் சொல்லி சின்னுசாமி கேட்பதற்குள் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும்.