மாரிக்குப்பத்தில் முதல் ரயில் ஊதிய நாள்

மைசூர் சர்க்கார் கஜானாவைத் திறந்து, பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரைக்கும் ரயில் போட்டது. எங்களுக்காகவா? தங்கச் சுரங்கத்துக்குக் கரி வர வேண்டும், பாய்லர் வர வேண்டும், தங்கம் போக வேண்டும். அதற்காகப் போட்டது. மிச்ச இடத்தில் மனிதர்களும் ஏறிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மட்டில் புண்ணியம் என்று இருந்தோம்.

என் பக்கத்து வீட்டுத் தாயம்மா அந்த ரயிலைத்தான் நம்பிக் கிடந்தாள். அவள் புருஷன் தசரதன் பாறை துளைத்துத் துளைத்தே நெஞ்செல்லாம் தூசி ஏறிப் படுத்துவிட்டவர். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாட்டு வண்டியில் போட்டால் குலுக்கலிலேயே உயிர் போய்விடும்.

"வழியில எனுக்கு எதுனா ஆச்சுன்னா தனியா வுட்டுடாதடி," என்றார் தசரதன்.

"நான் இன்னா செத்தா பூட்டேன்? கூடத்தான வரேன்," என்றாள் தாயம்மா.

ரயில் ஓடிய முதல் நாள் நாங்கள் போனபோதே இன்ஜின் மாவிலை கட்டிக்கொண்டு நின்றது. தசரதனை ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைத்தோம். தாயம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று கஞ்சிச் செம்பை எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரரும் அவள் மகன் சின்னசாமியும் அப்போது சுரங்கத்துக்குள்ளே ஷிப்டில் இருந்தார்கள்.

அப்போது ஊதியது பாருங்கள், பாவி இன்ஜின்! எங்கள் சுரங்கத்துச் சங்கு மாதிரியே நீளமாக ஊதித் தொலைத்தது. ஷிப்ட் மாறாத நேரத்தில் சங்கு ஊதினால் கீழே பாறை சரிந்தது என்று அர்த்தம். அடுப்பில் சோறு கொதித்தாலும் விட்டுவிட்டு ஓடுவோம். ரயிலும் ஊதும் என்று எங்களிடம் எந்த மகராசன் சொன்னான்?

"ஐயோ, சாஃப்டுல இன்னாவோ ஆயிடுச்சு!" என்று ஒருத்தி அலறினாள். அவ்வளவுதான். பொம்பளைகள் எல்லோரும் ஓடினோம். "டேய் சின்னசாமி!" என்று கத்திக்கொண்டு தாயம்மாவும் குதித்து ஓடி வந்தாள்.

சாஃப்ட் வாயில், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டு எப்போதும் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்த ஆள் சிரித்தான். "அது ரயிலு ஊதுச்சும்மா. போங்க, போங்க."

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாயம்மா மட்டும் வந்த வழியே திரும்பி ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டேஷன் காலி.

அடுத்த வண்டி மறுநாள்தான் என்றார்கள். தண்டவாளத்தோரமாகவே பௌரிங்பேட்டைக்கு நடந்தோம். வழியெல்லாம் அவள் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் ரயிலையும், அதைப் போட்டவன் வம்சத்தையும் திட்டிக்கொண்டே போனேன். ஆத்திரம் தீரவில்லை.

இருட்டும்போது போய்ச் சேர்ந்தோம். விசாரித்தால், ஸ்டேஷன் கூலியாள் தலையைக் குனிந்துகொண்டான்.

"வண்டி வந்து நிக்கறதுக்கு முன்னாலயே போய்ட்டாரும்மா. சொந்தக்காரங்க யாரும் கூட இல்ல. பொழுது சாயறதுக்குள்ள பொதச்சுட்டோம்."

தாயம்மா அழவில்லை. "எதுனா சொன்னாரா?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான்.

"அதே பொட்டியில வந்தவங்க சொன்னாங்க. 'எம் பொஞ்சாதி பின்னால ஓடியாறா, வண்டியக் கொஞ்சம் நிறுத்துங்க சாமி'ன்னு ஒவ்வொருத்தர் கையா புடிச்சுக் கெஞ்சிக்கினே வந்தாராம்."