காமாட்சி வீட்டுக் காற்று

பழனிசாமி வீட்டை விட்டுப் போன அன்று கதவைச் சாத்தாமல் போனான். திறந்து கிடந்த கதவு வழியாகக் காற்று உள்ளே வந்தது. வந்த காற்று பன்னிரண்டு வருஷம் வெளியே போகவில்லை. இது 1974 கார்த்திகையில், ஏற்காடு ஏரிக்கரையில், ஓடு போட்ட ஒற்றை அறை வீட்டில் நடந்தது. ஓட்டலில் பலகாரம் போடும் சரக்கு மாஸ்டராக இருந்த பழனிசாமி, சம்பளத்தை வாங்கிக்கொண்டு குப்பனூர்ப் பாதையில் இறங்கிப் போனதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஊட்டிக்குப் போனான் என்றார் ஒருவர், ஹூப்ளிக்கு என்றார் இன்னொருவர். அவன் மனைவி காமாட்சி சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவள். தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு மலையின் அமைதி ஏற்கெனவே ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அமைதிக்குப் பதில் காற்று. முதல் வாரம் அவள் கதவைச் சாத்திப் பார்த்தாள். காற்று அடுப்பை அணைத்தது, விளக்கை அணைத்தது, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைத் திருப்பிப் போட்டது. பிறகு அவள் விட்டுவிட்டாள். கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டிச் சுற்றிலும் தகரம் வைத்துச் சமைத்துக்கொண்டாள். விளக்கு மட்டும் ஏற்ற முடியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் திரியைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, ஏற்றாமல் வைப்பாள்.

வெளியே போனாலும் காற்று கூடவே போயிற்று. எப்போதும் அவள் முதுகுப் பக்கமிருந்து முன்னோக்கித்தான் வீசும். மளிகைக் கடைக்குப் போனால் பொட்டலக் காகிதமெல்லாம் பறக்கும். ஆகவே கடைக்காரர் அவளை ரோட்டிலேயே நிற்கச் சொல்லிச் சாமானைக் கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரின் டிக்கெட்டுகள் சிதறும். ஆகவே அவள் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினாள். காற்றின் இரைச்சலில் பிறர் பேசுவது அவள் காதில் விழாது. அவள் பேசுவது எதிரில் இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும், அவர்கள் சொல்லும் பதிலைத்தான் காற்று அவளிடம் வரவிடாமல் தள்ளிக்கொண்டு போய்விடும். காதருகே வந்து கத்தினால் கேட்கும். வேலை விஷயத்தை அப்படிக் கத்திவிடலாம். சிரிப்பையும் ஊர் வம்பையும் யார் இன்னொருத்தி காதில் போய்க் கத்திக்கொண்டிருப்பார்கள்?

கெட்டதிலும் ஒரு நல்லது என்பார்களே, அப்படி ஒன்றும் இருந்தது. ஏற்காட்டு மழைக்காலத்தில் துணி காயாது. ஐந்து நாள் கொடியில் கிடந்தாலும் ஈர வாடை போகாது. காமாட்சி வீட்டுக்குள் கட்டிய கொடியில் போர்வை அரை மணியில் காய்ந்தது. லாட்ஜ்காரர்கள் படுக்கை விரிப்புகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். அவள் வயிறு கழுவ அது போதுமானதாக இருந்தது. பிறகு கொட்டச்சேடு கிராமத்துச் சின்னத்தாயி வந்தாள். இரண்டு ஏக்கர் காட்டில் சாமையும் காப்பியும் போட்டிருந்த அவள், அந்த வருஷம் களத்தில் காற்றே இல்லாமல் தவித்துப்போய், ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்து வந்தாள். காமாட்சியின் காதில் குனிந்து, “ஏனுங்க, உங்க ஊட்டுல காத்து சும்மாதானுங்க கெடக்குது? இந்தச் சாமையைத் தூத்திக்கட்டுங்களா?” என்று கத்தினாள். காமாட்சி தலையாட்டினாள். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை தோறும் நாலைந்து பெண்கள் முறத்தோடு வந்தார்கள். அவர்கள் தூற்றினார்கள், புடைத்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். உமியைப் பெருக்கும்போது காமாட்சிக்கு அழுகை வரும். வந்தவர்கள் எல்லோரும் காற்றைத் தேடித்தான் வந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஏரியில் படகுத்துறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. அதில் ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜர் ஒருவர் விட்டுவிட்டுப் போன பாய்மரப் படகு, தைல மரச் சருகுக்கு அடியில் முப்பது வருஷமாகக் கிடந்தது. சுற்றிலும் மலையும் மரமும் இருப்பதால் ஏரியில் பாய்க்குப் போதிய காற்று கிடையாது. வாங்கி வந்த பிறகுதான் துரைக்கு அது தெரிந்தது என்று படகோட்டி கோவிந்தராஜ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1979இல் அந்தச் சிரிப்பை நிறுத்தியவள் சாந்தாமேரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதற்காக அண்ணன் வீட்டில் தினமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவள். “காத்து இல்லாத ஏரிக்குக் காத்தைக் கூட்டிக்கிட்டு வந்தாத் தீந்துதுங்களே” என்றாள் அவள். லாட்ஜ்கள் கழித்துப் போட்ட கிழிந்த விரிப்புகளை ஒட்டுப்போட்டு ஒரு பாய் தைத்தாள். ஏழு லாட்ஜ்களின் பெயர்கள் நீல மையில் அதில் இருந்தன. பிறகு காமாட்சியிடம் போய், “அக்கா, செவ்வாக்கெழமை ஏரிக்கு வாங்க. காத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்று காதில் கத்தினாள். கூப்பிட்டது தன்னையா காற்றையா என்று காமாட்சி மூன்று நாள் யோசித்தாள். யோசித்தாலும் போனாள்.

காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து வீசுவதால் அவளைப் படகின் கடைசியில், சுக்கானைப் பிடிக்க உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் முன்னால். பாய் ஒருமுறை படபடத்தது, உப்பியது, ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்தில் படகு அக்கரையைத் தொட்டது. சின்னத்தாயி சாமி கும்பிட்டாள். அடுத்த வாரம் மஞ்சக்குட்டையிலிருந்து வெள்ளையம்மாள் ஜீப் பிடித்து வந்தாள். ஆறு பேர் உட்காரும் படகில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். சாந்தாமேரி ரப்பர் ஸ்டாம்பு செய்து, ‘ஏற்காடு மகளிர் பாய்ப்படகுச் சங்கம்’ என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குத்தினாள். புருஷன்மார்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள், பிறகு செவ்வாய்க்கிழமைகளில் தாங்களே சோறு பொங்கப் பழகிக்கொண்டார்கள். காற்றில் பேச வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். ஆகவே ஊரில் குரல் எழும்பாத பெண்கள் ஏரியில் கத்தப் பழகினார்கள். பழகிய குரல் கரை ஏறிய பிறகும் சின்னதாகவில்லை. அறுவடைக்குக் கூலிக்குப் போன எஸ்டேட்டில், கணக்கு எழுதும் ரைட்டரைப் பார்த்து, “ரைட்டரே, கூடையை மறுக்கா எடை போடுங்க” என்று சின்னத்தாயி போட்ட சத்தத்தில் நாலு மலைக்கு அப்பால் மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. ரைட்டர் மறுபடி எடை போட்டார். சாந்தாமேரி தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டை விட்டு வந்து தனியாகக் கடை போட்டாள்.

இந்த ஏழு வருஷமும் காமாட்சி பார்த்தது ஏழு முதுகுகளை. முதுகுகள் குலுங்குவதைக் கண்டு அவர்கள் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. சில சமயம் யாராவது பாதி திரும்பி, வாயைத் திறந்து ஏதோ சொல்லிக் கையை ஆட்டுவார்கள். சுக்கானைச் சரியாகப் பிடிக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று அவள் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். கூட்டத்தோடு இருந்தும் ஒண்டியாக இருப்பது, வீட்டில் ஒண்டியாக இருப்பதைவிடக் கஷ்டம். ஆனாலும் அவள் ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை.

1986 ஆடியில், ஒரு திங்கட்கிழமை காலை, ஹூப்ளியிலிருந்து ஒரு கார்டு வந்தது. பழனிசாமி வேலை பார்த்த மெஸ்ஸின் முதலாளி யாரையோ விட்டுத் தமிழில் எழுதியிருந்தார். மஞ்சள் காமாலை, பத்து நாள் ஆஸ்பத்திரி, அடக்கம் ஆகிவிட்டது. கடைசி வரியைப் படித்து முடித்தபோது காற்று நின்றது. கொடியில் ஆடிக்கொண்டிருந்த விரிப்புகள் அப்படியே தொங்கின. பன்னிரண்டு வருஷம் சும்மா கிடந்த கதவுத் தாழ்ப்பாளை அவள் போட்டாள். போட்டது போட்டபடி இருந்தது. விளக்கை ஏற்றினாள். சுடர் ஆடாமல் நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. போனவன் இனி வரமாட்டான். அதைவிட, காற்று இல்லாத இந்த வீட்டுக்கு இனி யார்தான் வருவார்கள்?

மறுநாள் அவள் ஏரிக்குப் போகவில்லை. சாந்தாமேரி வந்து கதவைத் தட்டினாள். காமாட்சி திறக்காமலே, “காத்து போயிருச்சு சாந்தா. இனி நான் வந்து என்ன பண்ணப்போறேன்? நீங்க போங்க” என்றாள். பிறகு செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. எதிர்பார்த்ததுதான் நடந்தது. எதிர்பார்த்தது நடக்கும்போது இவ்வளவு வலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஏரிப் பக்கம் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. சாமை புடைக்கும் சத்தம் மாதிரி இருந்தது. ஆனால் ஏரியில் யார் சாமை புடைப்பார்கள்? ஜன்னலைத் திறந்து பார்த்தாள். முறக்காற்று மனுஷர் மேல் படக்கூடாது என்பார்கள், பட்டால் பீடை. அதனால் ஏழு பெண்களும் ஒருவர் மேல் ஒருவருக்குக் காற்றுப் படாமல் பாய்க்கு நேராக ஒதுங்கி உட்கார்ந்து, ஆளுக்கொரு முறத்தால் பாயை விசிறிக்கொண்டிருந்தார்கள். தங்கள் படகின் பாயைத் தாங்களே விசிறினால் படகு போகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பாய் உப்பியிருந்தது. படகு அவள் வீட்டுக் கரையைப் பார்த்து நேராக வந்துகொண்டிருந்தது.

“அக்கா, முன்னால வந்து உக்காருங்க!” என்று சின்னத்தாயி கத்தினாள். அவள் குரல் இவ்வளவு கனமானது என்று காமாட்சிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“காத்து போனப்புறம் கூப்புடறீங்க” என்றாள் காமாட்சி, கரைக்கு வந்து.

“ஏழு வருசமா இதையேதானுங்க கூப்புட்டுட்டு இருக்கறோம்” என்றாள் வெள்ளையம்மாள். “மத்தவிங்க யாராச்சும் பின்னால உக்காந்துக்கறோம், நீங்க முன்னால வாங்கன்னு வாரா வாரம் சொன்னோம். நீங்க காதுலயே வாங்கல. சேலத்துக்காரிக்கு நொம்ப ராங்கின்னு நெனச்சுட்டோமுங்க.”

காமாட்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். ஏரியின் நடுவே வந்ததும் கார்டில் இருந்ததைச் சொன்னாள். எல்லோரும் முறத்தைக் கீழே வைத்தார்கள், படகு நின்றது. அவள் அழுதாள். தான் அழும் சத்தம் எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கே கேட்டது. யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அழுது முடிந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் துடைத்துக்கொண்ட பிறகு சாந்தாமேரி தன்னிடமிருந்த முறத்தை நீட்டினாள். காமாட்சி வாங்கிக்கொண்டாள்.

சங்கம் அதற்கப்புறமும் செவ்வாய் தோறும் கூடியது. லாட்ஜ்காரர்கள் விரிப்புகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். காமாட்சி சாந்தாமேரி கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கப் போனாள். மற்ற நாட்களில் வீடு அமைதியாகவே இருந்தது. சில மாலைகளில் அவள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பார்ப்பாள். எதுவும் உள்ளே வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாத்திவிடுவாள்.

1993இல் கோடைக்கு வந்த ஒரு பொறியாளர் படகுத்துறையில் நின்று, பெண்கள் முறத்தால் பாயை விசிறிப் படகு ஓட்டுவதைப் பார்த்தார். ஒரு காகிதத்தில் படம் வரைந்து, அம்பு போட்டு, இப்படி விசிறினால் படகு நகரவே நகராது என்று கோவிந்தராஜுக்கு விளக்கினார். கோவிந்தராஜ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “நீங்க சொல்றது சரிதானுங்க சார்” என்றார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படகு கரைக்கு வருது.”