நோயல் எடுக்காதே

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குச் செயலாளர் நோயல். அவனுக்கு வேலை பெங்களூரில். சாயங்கால ரயிலில் உட்கார்ந்ததுமே, சனிக்கிழமைப் பயிற்சிக்கு எல்லோரையும் போனில் கூப்பிட ஆரம்பிப்பான். பங்காருபேட்டை வருவதற்குள் பெண் குரல்கள் முடிந்திருக்கும். கோரமண்டலில் இறங்குவதற்குள் எங்களைப் போன்ற கட்டைக் குரல்கள். எடுக்கிற வரைக்கும் விடமாட்டான். ஆகவே குழுவில் எல்லோரும் அவன் நம்பரை 'நோயல் எடுக்காதே' என்று பதிந்து வைத்திருந்தோம். பாஸ்டர் உட்பட.

அவனுக்குப் பங்காருபேட்டை ரெபேக்காவைப் பேசியிருந்தார்கள். இருவருக்கும் பிடித்துவிட்டது. பாக்கி இருந்தது அவள் அப்பா ஏசுபாதம், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். விசுவாசி என்பதால் அவர் ஜாதகம் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும் ஒரு ஆப்பில் நோயலின் நம்பரைப் போட்டுப் பார்த்தார். 'நோயல் எடுக்காதே' என்று வந்தது. சம்பந்தம் அப்படியே நின்றுபோனது.

"நான் அந்த ஆப்பைப் போடவே இல்லியேடா" என்று புலம்பினான் நோயல். அவன் போட வேண்டியதில்லை, அவன் நம்பரை வைத்திருக்கிற யாராவது போட்டால் போதும், அவர்கள் போனில் இருக்கிற பேர் எல்லாம் அங்கே போய்விடும் என்று விளக்கினேன். அவனுக்கு அது ஆறுதலாக இல்லை.

பெயரைத் திருத்தச் சொல்லி எழுத ஆப்பிலேயே இடம் இருந்தது. என் யோசனைப்படி குழு மொத்தமும் எழுதியது. சில நாளில் 'நோயல் ரொம்ப நல்லவர்' என்று வர ஆரம்பித்தது. ஏசுபாதம் உடனே வீட்டுக்கு வரச் சொன்னார். துணைக்கு நானும் போனேன்.

"போன வாரம் எடுக்காதே. இந்த வாரம் ரொம்ப நல்லவர். நடுவுல இன்னா பண்ணே தம்பி?" என்றார்.

நோயல் பயிற்சி விஷயத்தைச் சொன்னான். பாட்டுக்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று கேட்டார் ஏசுபாதம். அவர் எங்கள் பாட்டைக் கேட்டதில்லை.

ரெபேக்கா அப்பாவின் போனை எடுத்து, அவருடைய நம்பரையே அதில் போட்டாள். 'ஏசுபாதம் ஒரு மணி நேரம்' என்று வந்தது.

எவன் எழுதினது, ஒரு மனுஷனைக் கேட்காமல் அவனுக்குப் பேர் வைக்கலாமா, அதை ஊருக்கே காட்டலாமா என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆகவில்லை. ஆனால் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

"அத்த வுடுங்கப்பா. இந்த ஆப் உங்க போன்லயும் கீது. நீங்க யாரை இன்னா பேர்ல வெச்சிருக்கீங்களோ, அதெல்லாம் போயிருக்கும்" என்றாள் ரெபேக்கா.

ஏசுபாதம் நிறுத்தினார். போனை வாங்கி மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அவர்கள் சர்ச் பாஸ்டர், 'முடிக்க மாட்டார்'. மச்சினர், 'வெறும் வாய்'. மனைவியின் அக்கா, 'வந்தா போகாது'. அந்த அக்கா அப்போது சமையலறையில்தான் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு வந்தவர். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏசுபாதம் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நோயலிடம் குனிந்தார்.

"இத்த எப்பிடி அழிக்கிறது, மாப்பிள்ளே?"

நோயல் நேர்மையானவன். போனது போனதுதான் அங்கிள் என்று சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"கொஞ்ச நாள் ஆகும், மாமா. நான் அடிக்கடி வந்து பாக்கணும்" என்றான்.

ரெபேக்கா எழுந்து உள்ளே போய், சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு பேர் என்று பெரியம்மாவிடம் சொன்னாள்.