மாவு படிந்த நாற்காலி

நோட்டீஸ் வந்தபோது மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. ஊராட்சி கிளார்க் குணசேகரன் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று மூன்று முறை தும்மினார். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மடித்த தாளை நீட்டினார்.

"அப்பாகிட்ட குடுங்கண்ணே," என்றாள் இலக்கியா.

"அப்பா பேருல இல்லம்மா. ஒம் பேருலதான் இருக்கு. இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடு."

செல்வி ஆ. இலக்கியா, மாவு அரவை நிலையம், தொழில் வரி, இரண்டு அரையாண்டு. பட்டச் சான்றிதழுக்குப் பிறகு தன் பெயரை முழுதாக அச்சில் அவள் கவனித்தது இதில்தான். மிளகாய்ப் பொடியில் சிவந்த விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்திட்டாள்.

மில் அவள் பெயரில் இருப்பது அவளுக்கே அடிக்கடி மறந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் பழைய மெஷின் நின்றுபோனபோது, பெண் பெயரில் விண்ணப்பித்தால் கடனில் மானியம் உண்டு என்றார்கள். அவள் அப்போதுதான் புதுக்கோட்டையில் இயற்பியல் முடித்திருந்தாள். பேங்க் முதல் மின்சார இணைப்பு வரை எல்லாத் தாளிலும் அவள் பெயர் ஏறியது. மெஷினை ஓட்டுவது அப்பா ஆத்மநாதன். அவள் எடை போடுவாள், காசு வாங்குவாள். வருகிறவர்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை. எடை மெஷினின் எண்களை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

மதியத்துக்கு மேல் கூரை ஓட்டின் சந்து வழியாக ஒரு வெயில் கற்றை உள்ளே இறங்கும். அதில் மாவுத்தூள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரிய துகள்கள் சீக்கிரம் இறங்கிவிடும். மிகச் சிறியவை இறங்குவதே இல்லை. காற்று அவற்றை எல்லாப் பக்கமிருந்தும் சிறிது சிறிதாக இடித்துக்கொண்டே இருக்கும். மெஷின் நின்ற பிறகும் நெடுநேரம் அவை அந்தரத்தில் யோசித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை கடைத்தெரு ஆட்கள் ஆறு பேரும் பிள்ளையார் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். டீக்கடை நாகராசு, தையல்கடை, சலூன், பஞ்சர் கடை, மளிகைக்கடை, ஆறாவதாக அப்பா. எலெக்சன் நடந்து தலைவர் வரும்வரை ஊராட்சிக்கு ஒரு பைசா வரி கட்டுவதில்லை என்று சத்தியம். தலைவரின் பதவிக்காலம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எல்லாவற்றுக்கும் தனி அலுவலர். ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊருக்கும் அவர் ஒருவரே. இந்த ஊர்ப் பக்கம் அவர் வந்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

அன்று நாகராசு பேசியது மில் வரை கேட்டது. "திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்லப்பா. லைட்டு எரியலன்னா, குப்பை அள்ளலன்னா, வீட்டு வாசல்ல போயி நின்னு நாலு கேள்வி கேக்கணும். அதுக்குத்தான வரி. இப்ப யாரத் திட்டுறது? சுவத்தயா?" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போய்ச் சூடத்தின்மேல் உள்ளங்கையை அழுத்தினார்கள். அப்பாவின் கையில் கருப்பாக ஒரு வட்டம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மாவு அதை மூடிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எரிந்தது. பதினோரு நாட்களாகத் தெருக்குழாயில் தண்ணீர் இல்லை. பெண்கள் குடங்களோடு தெற்கே ஒரு பம்புசெட்டுக்கு நடந்தார்கள். ஊறவைத்து அரைக்கும் ஈர அரிசி மில்லுக்கு வருவது நின்றுபோனது. அரிசி களையத் தண்ணீர் இல்லாதபோது யார் இடியாப்பத்துக்கு மாவு திரிப்பார்கள்? மிளகாயும் மஞ்சளும் கோதுமையும் மட்டும் வந்தன.

கிளம்பும்போது குணசேகரன் திரும்பி நின்று சொன்னார். "மோட்டாருக்கு காயில் கட்டக் காசு இல்லம்மா. ஒரு கடையாவது கட்டுச்சுன்னா, அதக் காட்டி நான் ஆபீசர்கிட்ட போயி நிப்பேன். ஒருத்தருமே கட்டலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

மதியச் சாப்பாட்டின்போது நோட்டீஸைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா தொடாமலே படித்தார்.

"நான் சூடத்த அணைச்சிருக்கேன்," என்றார்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா புவனேஸ்வரி நிமிரவில்லை. "நீங்க அணைச்சீங்க. அவ அணைக்கலையே."

"அது பேருக்குத்தான் அவ பேரு."

"பேங்க்ல கேட்டப்ப அப்படிச் சொல்லலையே நீங்க."

அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு இலக்கியாவைப் பார்த்துச் சொன்னார். "அந்த ஆபீசரு மூஞ்சி எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியுமா? யாருன்னே தெரியாத ஆளுக்கிட்டக் காசக் குடுத்துட்டு, நாளைக்கு எங்க போயி கேப்ப?"

 கடைசியாக இந்த ஊரில் தலைவர் எலெக்சன் நடந்தபோது அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுப் போட வயது வரவில்லை. டெல்லிக்கு ஆள் அனுப்ப ஒருமுறை போட்டிருக்கிறாள். இந்தத் தெருவுக்கு ஆள் வைக்கப் போட்டதே இல்லை. அப்பா சொல்வது சரியாகத்தான் இருந்தது. குழாய் வறண்டு கிடப்பதும் சரியாகத்தான் இருந்தது.

"ஒனக்கு எது சரின்னு படுதோ செய்யி," என்று அப்பா கை கழுவ எழுந்தார். செம்பிலிருந்து மிகக் கொஞ்சமாக நீரைச் சரித்தார். "ஆனா நீ கட்டிட்டா நாகராசு கடை பெஞ்சுல நான் இனி உக்கார முடியாது. அத மட்டும் நெனச்சுக்க."

மூன்று மணிக்கு கோதுமை அரைத்து முடித்தபின், பணத்தையும் நோட்டீஸையும் ஒன்றாக மடித்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். மாசி வெயில் தெருவைக் காலியாக்கியிருந்தது. தலை, புருவம், தாவணி, கை எல்லாம் வெள்ளையாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை. தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்காததுபோல இருந்தது.

படியில் தொட்டி ஆபரேட்டர் முத்துராஜ் உட்கார்ந்திருந்தார். மோட்டார் எரிந்ததிலிருந்து அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் அலுவலகச் சாவி அவரிடம்தான்.

"கிளார்க்கு யூனியன் ஆபீசுக்கு மீட்டிங் போயிருக்காரு பாப்பா. வர்ற நேரந்தான். உள்ள உக்காரு, வெயில்ல நிக்காத."

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுகூட இல்லை. வடக்குத் தெருக் காதுகுத்துக்கு வாங்கிப் போயிருந்தார்கள். இருந்தது ஒன்றுதான். மேசைக்குப் பின்னால், முதுகின் மேல்விளிம்பில் பூந்துவாலை மடித்துப் போட்ட, அரக்கு நிற ரெக்சின் நாற்காலி. அதற்கு மேலே சுவரில் தலைவர்களின் பெயர்ப் பலகை. கடைசிப் பெயருக்குக் கீழே பெயிண்ட் அடித்த வெறும் பச்சை.

"அதுல உக்காரும்மா. அது என்ன, கடிக்கவா போகுது."

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்தாள். சன்னல் கம்பிகளுக்கு அப்பால் தொட்டி நான்கு கால்களில் நின்றது. அதற்கும் அப்பால் மில்லின் கூரை. இங்கிருந்து பார்க்க ஊர் சிறியதாக, யாரோ மேசைமேல் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. எங்கோ ஒரு கோழி கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது.

முத்துராஜ் வாசல் நிலையில் சாய்ந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கேலி வந்தது.

"தலைவரே," என்றார். "மோட்டாரு எரிஞ்சு பதினோரு நாளாச்சு. என்ன செய்றீங்க?"

இலக்கியா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க தலைவரே. விடியக்காலம் ஆறு மணிக்கு என் கை தானா வால்வுக்குப் போகுது. திறந்தா காத்து வருது. குழாய்க்குள்ள ஒரு சத்தம் போடும் பாருங்க, பெரிய மிருகம் ஒண்ணு பெருமூச்சு விடுற மாதிரி. அத ஒரு நாளு நீங்க வந்து நின்னு கேக்கணும்." அவர் குரலில் கேலி எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. "ஆளாளுக்கு என்னைத்தான் ஏசுறாங்க. நானா எரிச்சேன்?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை நாற்காலியின் பிடிமேல் வைத்துக்கொண்டாள்.

வெறும் குடத்தோடு போய்க்கொண்டிருந்த மூக்காயி சன்னலில் எட்டிப் பார்த்தாள். மாதாமாதம் மில்லுக்கு வருகிறவள். "ஆருகிட்டடா சத்தம் போடுற?"

"தலைவருகிட்டத்தான். நீயும் கேக்குறத கேட்டுக்க."

மூக்காயி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். வெள்ளை முடி, வெள்ளைப் புருவத்தோடு நாற்காலியில் இருந்த உருவத்தை ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்தாள். தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

"எம்மக பிள்ளை பெத்து ஒம்பது நாளாச்சு ஆத்தா. வெந்நி வச்சு ஊத்த ரெண்டு கொடம் வேணும். அந்தப் பம்புசெட்டுக்காரன் ஒரு நாளு மோட்டாரப் போடுறான், ஒரு நாளு நாய அவுத்து விடுறான். பச்ச ஒடம்புக்காரிய வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்? கேக்க நாதியில்லாமத்தான கெடக்கோம்?"

அவள் கண்கள் கலங்கியிருந்தன.  இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் அவளிடம் பேசியதில்லை.

"பாக்குறேன் அத்தை," என்றாள். எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாது.

மூக்காயி மூக்கைச் சிந்தினாள். "மனசு லேசா இருக்குடி இப்ப," என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

நான்கரைக்கு குணசேகரன் முத்துராஜுக்குப் போன் செய்தார். மீட்டிங் முடியவில்லை, நாளைக் காலை பத்து மணிக்கு வந்தால் ரசீது போட்டுவிடலாம் என்றார். இலக்கியா எழுந்தாள். அரக்கு ரெக்சினில் ஒரு வெள்ளை உருவம் படிந்திருந்தது. முதுகு, இரண்டு கைகள், உட்கார்ந்த இடம். துடைக்கப் போனாள். கையிலும் மாவுதான். அது இன்னும் அகலமாகப் பரவியது.

"விடு பாப்பா," என்றார் முத்துராஜ். "இருக்கட்டும்."

பூந்துவாலையை எடுத்தவர் அதை உதறாமல் மறுபடி மடித்துப் போட்டார். கதவைப் பூட்டினார்.

மில்லுக்கு வந்தபோது அப்பா சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவளே சொன்னாள். "கிளார்க்கு இல்ல. நாளைக்கு வரச் சொன்னாரு."

"நாளைக்குப் போவியா?"

அவள் எடை மெஷினின் தட்டைத் துணியால் துடைத்தாள். அப்பா டீ குடிக்கப் போனார். நாகராசு கடையிலிருந்து முத்துராஜின் குரல் கேட்டது. இன்னைக்கு ஊருக்குத் தலைவர் வந்துட்டாங்க, நான் திட்டித் தீத்துட்டேன், மூக்காயி அழுதே தீத்துட்டா. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அப்பாவின் குரல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

வெயில் கற்றை சுவரேறி மறைந்தது. அப்பா திரும்பவில்லை. மில் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவரைத் தேடித் தெருவில் இறங்கினாள். டீக்கடை பெஞ்சில் மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். அப்பாவின் டம்ளர் பாதி குடித்தபடி இருந்தது.

ஊராட்சி அலுவலகத்தின் சன்னலருகே அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தார். உள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த வெள்ளை மட்டும் அங்கே உட்கார்ந்திருப்பது அவள் நின்ற இடத்திலிருந்தே மங்கலாகத் தெரிந்தது. அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நடுவில் ஒருமுறை கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, தொட்டியை நோக்கி நீட்டிக் காட்டினார். பிறகு மில்லை நோக்கி. என்ன சொல்கிறார் என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

இலக்கியா தெரு முனையிலேயே நின்றாள். உள்ளங்கையில் நோட்டீஸும் பணமும் வியர்வையில் ஒட்டிக் கிடந்தன. அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.