கீழிருந்து படித்த தாளம்

தேவிப்ரியாவுக்குச் சங்கீதம் தெரியாது. ஸ்வரம் எத்தனை என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுவாள். ஆனால் பட்டுச்சேலை பார்டருக்காக கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சிவப்புப் பென்சில் தீட்டுவதில் ஆரணியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த வேலைக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டரில், இசை போடுகிற ஒரு இலவச சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். அங்கேயும் கட்டம்தான்! வரிக்கு ஒரு வாத்தியம். கட்டத்தைத் தட்டினால் டிரம் அடிக்கிறது, விட்டால் சும்மா கிடக்கிறது. இதற்குப் போய் என்ன பெரிய வித்தை?

அந்தத் திமிர் ஒரு வாரம் தாங்கியது. முதல் வேலையாகக் கட்டங்களில் அழகான மயில் ஒன்றை வரைந்தாள். கேட்டால், தகர டப்பா மாடிப்படியில் உருளுகிற சத்தம். மயில் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. காதுக்கு எது என்று பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. போதாக்குறைக்கு, இலவச சாஃப்ட்வேரில் பாதி வேலையை நிறுத்திவிட்டு மறுபடி திறக்க முடியாது. அதனால் எதையும் முதலில் கிராஃப் தாளில் முழுசாகத் தீட்டிவிட்டுத்தான் போட்டாள்.

2009 பொங்கலுக்கு, உள்ளூர் கேபிள் டிவி நடத்தும் ஹேமநாத் தன் நிகழ்ச்சிக்கு முகப்பு இசை தேடினார். தான் போட்டுத் தரட்டுமா என்று தேவிப்ரியா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்க. இல்லனா மெட்ராஸ்ல வாங்கின சிடியப் போட்டுடுவேன்" என்றார்.

தன் இசை ஒரு தடவையாவது ஊர் முழுக்கக் கேட்க வேண்டும். வேறு எதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தினமும் காலையில் போகிற கரண்ட், அந்தச் சனிக்கிழமை பார்த்து மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்த் தொலைந்தது. முக்கால்வாசி முடித்திருந்த வேலை ஒன்றுமில்லாமல் போனது. நான்கு மணிக்குக் கரண்ட் வந்தபோதும் அவள் அழுதுகொண்டிருந்தாள். அதுவரை 'பொட்டி தட்டுறது' என்று கேலி செய்துகொண்டிருந்த அவள் கணவன் கோகுல்ராஜ் தறியை விட்டு எழுந்து வந்தான்.

"அழுதுகினு இருந்தா ஆவுமா? தாளைக் குடு. நான் படிக்கிறேன், நீ ஜல்தியா தட்டு."

அவன் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவள் திரையை விட்டுத் தலை நிமிராமல் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். நாலரைக்கு முன்பே முடிந்துவிட்டது. ஓட விட்டவள் திகைத்துப்போனாள். மணி குலுங்க வேண்டிய இடமெல்லாம் பெரிய டிரம். டிரம் விழ வேண்டிய இடத்தில் மணி.

"எங்கேர்ந்து படிச்சீங்க?"

"கீழேர்ந்துதான். நெய்யறவன் வேற எங்கேர்ந்து படிப்பான்?"

தறிக்காரர்களுக்குக் கிராஃப் தாளின் கடைசி வரிதான் முதல் வரி; அங்கிருந்துதான் சேலை வளரும். அவள் தாளில் டிரம் மேல் வரி, மணி கீழ் வரி. எல்லாமே தலைகீழாக ஏறியிருந்தது.

கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் கால் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டிரம் மூச்சு விடாமல் ஓட, எப்போதோ ஒரு மணி 'ணங்' என்று விழுந்தது. அவள் முதலில் போட்டது அடக்கமாக இருந்தது. இது உட்கார்ந்திருப்பவரை எழுப்பியது. திருத்த நேரம் இருந்தது. அவள் திருத்தவில்லை.

ஐந்து மணிக்குள் இருவரும் கொண்டுபோய்க் கொடுத்ததை ஹேமநாத் ஒரு தடவை கேட்டார். உடனே இன்னொரு தடவை கேட்டார். பிறகு கோகுல்ராஜைப் பார்த்து, "இசைன்னு உங்க பேரைப் போட்டுடலாங்களா?" என்றார்.

"என்னை ஏங்க இழுக்கிறீங்க? இத்தனை மாசமா இத்தோட மல்லுக்கட்டிகினு இருந்தது இவதாங்க."

பொங்கலன்று காலை தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்து, "தேவி, உன் பேரு வருதுடி! உள்ள வந்து பாரு!" என்று கூவினாள்.

தேவிப்ரியா எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. அத்தனை வீட்டு டிரம்மும் சேர்ந்து அதிர, நடுத்தெருவில் நின்று, யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னாள்:

"நான் போட்டது!"