கூடப்பிறந்தவள் நிற்க வேண்டிய இடம்

மகன் கௌசிக்கின் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போனதுதான் சௌந்திரம் செய்த தப்பு. கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவளுக்கு அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போனதோ! நாமகிரிப்பேட்டையைச் சுற்றியிருக்கும் பங்காளி வீடு, மாமன் மச்சான் வீடு எல்லாவற்றுக்கும் தாயும் மகளுமாகப் போனார்கள். தாய் வெற்றிலை பாக்கோடு தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினாள். அவள் மோர் வாங்கிக் குடிக்கிற நேரம் பார்த்து, மகள் தனப்பிரியா அந்தப் பத்திரிகைக்கு அடியில் இயேசுவைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றைச் செருகிவிட்டாள். ஒரு வீடு விடவில்லை.

மறுநாள் போன் வர ஆரம்பித்தது. "ஏனுங்கக்கா, கௌசிக் கல்யாணம் மண்டபத்துலீங்களா, சர்ச்சுலீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களைக்கூட மன்னித்துவிடலாம். சிரிக்காமல் "பாவம், உங்களுக்கு இப்படி ஆகியிருக்க வேண்டாம்" என்றவர்களை நினைத்தால்தான் சௌந்திரத்துக்கு வயிறு எரிந்தது.

தனப்பிரியா சேலத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். ஹாஸ்டலில் கூட இருந்தவளோடு ஜெபக் கூட்டத்துக்குப் போய்ப் பழகி, போன வருஷம் ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். அதையும் சௌந்திரம் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். கும்பிடுகிறவள் எதையோ கும்பிட்டுவிட்டுப் போகட்டும், வாயை மூடிக்கொண்டு கும்பிடக் கூடாதா? மாரியாத்தாளைக் கும்பிடுகிற எவளாவது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் ஆத்தாளை நம்பாவிட்டால் நெருப்பில் வேகுவாய் என்று சொல்கிறாளா?

அப்பன் சென்னிமலை, போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்துப் பத்து ஊர் ஆட்களை அதட்டுகிறவர். "அவ மண்டபத்து வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

ஆனால் இணைச்சீர் இருக்கிறதே! தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். ஒரே சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடிக்க வேண்டும். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் அண்ணன் தரும் வாக்கு அது. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். பெற்ற மகள் உயிரோடு இருக்கையில் இன்னொருத்தியை நிறுத்துவதும், அவளுக்குக் கருமாதி செய்வதும் ஒன்றுதான் என்று சௌந்திரம் அழுதாள். அழுது அழுது புருஷனை ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்துவிட்டு, மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"நெத்திக்குத் திருநீறு வெச்சுக்கோணும். மண்டபத்துல உன்ர சாமியப் பத்தி மூச்சு உடக் கூடாது. இதுக்குத்தான் உங்கப்பன் ஒத்துக்கிட்டாரு."

"சேலை கட்டறேன், நகை போடறேன், அண்ணன் பக்கத்துல நிக்கறேன். திருநீறு மட்டும் வேண்டாங்கம்மா. பேசக் கூடாதுன்னும் சொல்லாதீங்க. எல்லா சனத்துக்கும் போய்ச் சொல்லோணும்ங்கறது எங்களுக்கு அவரு இட்ட கட்டளை."

"பெத்தவ சொல்றது கட்டளை இல்லியாக்கும்?"

தனப்பிரியா தாயின் கையைப் பிடிக்க வந்தாள். சௌந்திரம் தட்டிவிட்டாள்.

"செரி, போ. மோனிஷா நிப்பா."

மோனிஷா, சென்னிமலையின் தம்பி மகள்.

முகூர்த்தத்தன்று தனப்பிரியா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வெறும் நெற்றியோடு வந்து மண்டபத்து வாசலில் வாழைமரத்தோரம் நின்றுகொண்டாள். உள்ளே போகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

மேடையில் மோனிஷா நகையெல்லாம் பூட்டிக்கொண்டு தயாராக நின்றாள். சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் சேலையை எடுத்து நீட்டினார். கௌசிக் கையைக் கட்டிக்கொண்டான்.

"தனா வரட்டுங்க."

அருமைக்காரர் சென்னிமலையைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. சென்னிமலை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? சௌந்திரம் வாசலுக்கு ஓடினாள்.

"வா சாமி. திருநீறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வந்து அண்ணன் பக்கத்துல நில்லு."

தனப்பிரியா தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துச் சௌந்திரத்துக்கும் கண் கலங்கிவிட்டது.

"வாரேங்கம்மா. எனக்காக நீங்க ஒண்ணு செய்யுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை ஒரே ஒரு தரம் எங்கூட சபைக்கு வாங்க."

சௌந்திரம் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். "உங்கண்ணன் அங்க மேடையில காத்துக்கிட்டு நிக்கறான். இங்க நின்னு எங்கிட்டப் பேரம் பேசறயா?"

"பேரமில்லீங்கம்மா. நீங்க நரகத்துக்குப் போறதப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? உங்கள நெனச்சு எத்தன நாள் தூங்காம அழுதிருக்கறேன் தெரியுங்களா?"

அவள் நிஜமாகவே அழுதாள். அதுதான் சௌந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. நடிப்பு என்றால் ஓர் அறை விட்டு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். பெற்றவள் நரகத்துக்குப் போவாள் என்று பெற்ற மகளே மனசார நம்பி அழுகிறாளே, இதற்கு என்ன செய்வது?

"உன்னையத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாரே உங்க அப்பிச்சி, அவரு இப்ப எங்க இருக்கறாரு?"

தனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். "அவருக்கு ஆருமே இயேசுவப் பத்திச் சொல்லலீங்களே, அம்மா."

"அப்ப எங்கப்பன் அங்க. உங்கப்பனும் அங்கதான் வருவாரு. நானும் அங்கயே போய்க்கறேன். நீ மட்டும் மேல போய் ஒத்தையா உக்காந்து ஆரு கூடச் சோறு திம்ப?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். மேளக்காரர்களைக் கையமர்த்திவிட்டு மேடையேறி, மோனிஷாவை இழுத்து மகன் பக்கத்தில் நிறுத்தினாள்.

அருமைக்காரர் தயங்கினார். "பங்காளி ஊட்டுப் புள்ளைங்களா? மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவங்க ஆரும் இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றாள் சௌந்திரம். மேளம் நின்றிருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கௌசிக் அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். சௌந்திரம் திரும்பினாள். நாற்காலிகளுக்கு நடுவே, மேடைக்குப் பாதி தூரத்தில், தனப்பிரியா நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையையும் சபையையும் வாசலிலேயே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்பதற்காக வந்திருந்தாள்.

ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். சௌந்திரத்தின் வாய் திறந்தது. ஆனால் நானூறு பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து சேலையின் முனையை எடுத்து மோனிஷாவின் கையில் கொடுத்தாள்.